ஒரு பல் குறைச்சா பிக்கப் ஏறுமா? மாணவர் ரேஸ் காரும் ஸ்ப்ராக்கெட் கணக்கும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு மெயில். மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மூணாம் வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற ஒரு தம்பி அனுப்பினது. அவங்க டீம் ஒரு சின்ன ஃபார்முலா கார் கட்டிக்கிட்டு இருக்காங்க. கேடிஎம் 390 டியூக் இன்ஜின், வெளிவிட்டம் 18 இன்ச் வர்ற டயர், செயின் வழியா பின்சக்கரத்துக்கு டிரைவ். கேள்வி இவ்வளவுதான்: "அண்ணா, முன்னாடி 12 பல், பின்னாடி 48 பல் போடணும்னு சீனியர் சொல்லிட்டுப் போயிருக்காங்க. பின் ஸ்ப்ராக்கெட்டை நாகர்கோவில்ல வயர்கட்டுக்குக் கொடுக்கப் போறோம். ஒண்ணு செய்யத்தான் காசு இருக்கு. இது சரியா வருமா?"

நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவன். வாரம் அஞ்சு நாள் டெக்னோபார்க்ல கோடு எழுதுறேன், இந்த மாதிரி கேள்வி வந்தா அந்த ராத்திரி தூக்கம் போயிடும். எபிசோட்ல எண்களைக் கடகடன்னு சொல்லிட்டுப் போனேன், காதுல நிக்காதுன்னு பல பேர் சொன்னாங்க. அதனால எழுத்து வடிவத்துல கொஞ்சம் நிதானமா போறேன்.

முதல்ல, இந்தக் கார் எங்கே ஓடப் போகுதுன்னு தெரியணும். அமெரிக்காவுல 1981-ல தொடங்கின ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியோட வழியில நம்ம ஊர்ல நடக்கிறது ஃபார்முலா பாரத். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடக்குது. மார்த்தாண்டத்துல இருந்து வண்டியை லாரியில ஏத்தினா 400 கி.மீ.க்கு மேல. அந்த டிராக்குக்குப் பேர் தந்தவர் கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவர்தன். மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினவர். அதைத்தான் ஃபார்முலா மாருதின்னு சொன்னாங்க. 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். கடையில கிடைக்கிற சாதாரண இன்ஜினை வைச்சு ரேஸ் கார் பண்ணலாம்னு காட்டின மனுஷன் பேர்ல இருக்கிற டிராக்ல, பைக் இன்ஜினோட பசங்க வந்து நிக்கிறது பொருத்தமாத்தான் இருக்கு.

இப்போ ஃபைனல் டிரைவ். கியர்பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற ஷாஃப்ட்ல ஒரு சின்ன பல்சக்கரம், பின் ஆக்ஸில்ல இருக்கிற டிஃபரன்ஷியல்ல ஒரு பெரிய பல்சக்கரம், நடுவுல செயின். பெரிய பல் எண்ணிக்கையைச் சின்னதால வகுத்தா வர்றதுதான் ஃபைனல் டிரைவ் விகிதம். சீனியர் சொன்ன 12-க்கு 48 போட்டா விகிதம் 4. டியூக் பைக்ல கம்பெனி போட்டுத் தர்றது 15-க்கு 45, அதாவது 3.

நம்ம ஊர்ல கேடிஎம் வைச்சிருக்கிற பசங்க பாதிப் பேருக்கு இது தெரிஞ்ச விஷயம். முன்னாடி 15 பல்லைக் கழட்டி 14 போட்டா பிக்கப் ஏறும், டாப் ஸ்பீட் குறையும். அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து மேட்டுல ஏறி இறங்குற வண்டிக்கு அது நல்ல மாற்றம்தான். நான் மறுக்கல. ஆனா அந்த அறிவை அப்படியே தூக்கிட்டு வந்து ரேஸ் கார்ல வைச்சதுனாலதான் 12-க்கு 48 வந்திருக்கு. பிக்கப்தானே வேணும், அப்போ இன்னும் ஏத்து, 4-க்குக் கொண்டு போன்னு.

முதல் சிக்கல் டயர். டியூக்கோட பின் டயர் ஒரு சுத்து சுத்தினா சுமார் 1.9 மீட்டர் போகும். 18 இன்ச் ரேஸ் டயர் சுமார் 1.4 மீட்டர்தான் போகும். சின்ன சக்கரம் போட்டதுமே வண்டி 'லோ கியர்' ஆயிடுச்சு. பைக் பாஷையில சொல்றதா இருந்தா, கம்பெனி ஸ்ப்ராக்கெட்டைத் தொடாமலே டயரை மட்டும் மாத்தினது, டியூக் பின்னாடி 45-க்குப் பதிலா 61 பல் போட்ட மாதிரி. இப்போ 12-க்கு 48-ம் சேர்த்தா அது 15-க்கு 81 பல். எந்த டியூக் ஓனரும் 81 பல் ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

ரெண்டாவது சிக்கல்தான் எனக்குப் பிடிச்சது. கொஞ்சம் எண் வரும், பொறுத்துக்குங்க.

டியூக்கோட ஓனர் மேனுவல்ல கியர் பல் எண்ணிக்கை எல்லாம் போட்டிருக்கு. கிராங்க்ல இருந்து கிளட்ச்சுக்கு 30-க்கு 80, அதாவது 2.667. அப்புறம் முதல் கியர் 2.667, ரெண்டாவது 1.857, மூணாவது 1.421, நாலாவது 1.143, அஞ்சாவது 0.957, ஆறாவது 0.84. கியர் மாத்துற இடம் 10,000 ஆர்பிஎம்னு வைச்சு, ஒவ்வொரு கியரும் எந்த வேகத்துல முடியுதுன்னு போட்டுப் பார்த்தேன்.

ஃபைனல் டிரைவ் 4-ஆ இருந்தா: முதல் கியர் மணிக்கு 29 கி.மீ.ல முடிஞ்சிடும். ரெண்டாவது 42, மூணாவது 55, நாலாவது 69, அஞ்சாவது 82, ஆறாவது 94.

ஃபைனல் டிரைவ் 2.5-ஆ இருந்தா: முதல் கியர் 47, ரெண்டாவது 68, மூணாவது 89, நாலாவது 110. அதுக்கு மேல தேவையே இல்ல.

இந்த ரெண்டு வரிசையையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பாருங்க. 4 போட்ட கார்ல நாலாவது கியர் 69-ல முடியுது. 2.5 போட்ட கார்ல ரெண்டாவது கியர் 68-ல முடியுது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மணிக்கு 60 கி.மீ.ல ரெண்டு காரும் பக்கத்துல பக்கத்துல போகுதுன்னா, ஒண்ணு நாலாவது கியர்ல 8,700 ஆர்பிஎம்ல கத்தும், இன்னொண்ணு ரெண்டாவது கியர்ல 8,800 ஆர்பிஎம்ல கத்தும். சக்கரத்துல வர்ற தள்ளு ஒரே அளவு. எங்கே போச்சு அந்த எக்ஸ்ட்ரா பிக்கப்?

எங்கேயும் போகல, இருந்ததே இல்ல. பைக்காரர் 14 பல் போட்டதும் பிக்கப் ஏறினதா உணர்றார்னா, அவர் பழைய பழக்கத்துல அதே கியர்லதான் ஓட்டுறார். மூணாவது கியர்ல மேடு ஏறினவர் இப்பவும் மூணாவதுலயே ஏறுறார், இன்ஜின் கொஞ்சம் கூடுதலா சுத்துது, தள்ளு கூடுது. அவர் ஒரு கியர் இறக்கியிருந்தா முன்னாடியே அந்தத் தள்ளு கிடைச்சிருக்கும். ரேஸ்ல டிரைவர் எப்பவும் இன்ஜினை அதோட நல்ல ரேஞ்சுலதான் வைச்சிருப்பான். ஆறு கியர் இருக்கிற வண்டியில ஃபைனல் டிரைவை மாத்துறது, ஏணியோட படிகளுக்கு வேற நம்பர் எழுதுறது மாதிரிதான். படி அதேதான். முன்னாடி ரெண்டாவதுன்னு கூப்பிட்டதை இப்போ நாலாவதுன்னு கூப்பிடுறோம்.

அப்போ எந்த விகிதம் போட்டாலும் ஒண்ணுதானான்னா, இல்ல. இன்ஜினோட சக்தியை மாத்த முடியாது, ஆனா மூணு விஷயம் மாறுது. முதல் கியர்ல கிளம்பும்போது டயர் தாங்குமா, எத்தனை தடவை கியர் மாத்தணும், அந்த மாத்தல் டிராக்ல எந்த இடத்துல வந்து விழுது. முடிவு இங்கேதான் இருக்கு.

கிளம்புறதைப் பார்ப்போம். கார் டிரைவரோட சேர்ந்து 300 கிலோன்னு வைக்கிறேன். பின்னாடி பாதிக்குக் கொஞ்சம் மேல எடை, ஆக்சிலரேட் பண்ணும்போது இன்னும் கொஞ்சம் பின்னாடி சாயும். தார்ல டயரோட பிடிப்பு 1.2-ன்னு எடுத்தா, பின் டயர் ரெண்டும் சேர்ந்து தாங்குற தள்ளு சுமார் 2,500 நியூட்டன். அதுக்கு மேல கொடுத்தா சக்கரம் சும்மா சுத்தும், புகை வரும், வீடியோவுக்கு நல்லா இருக்கும்.

இன்ஜின் பக்கம்: விதிப்படி காற்று முழுக்க 20 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை வழியாத்தான் போகணும். அதைத்தான் ரெஸ்ட்ரிக்டர்னு சொல்றோம். நாலு சிலிண்டர் 600 சிசி இன்ஜினுக்கு இது கழுத்தை நெரிக்கிற விஷயம். நம்ம 373 சிசி ஒத்தை சிலிண்டருக்கு சராசரியாப் பார்த்தா அந்தத் துளை தாராளம்தான். ஆனா ஒத்தை சிலிண்டர் காற்றைத் தொடர்ச்சியா இழுக்காது, மடக் மடக்னு ஒவ்வொரு இழுப்பா இழுக்கும். அந்த நொடியில துளை பத்தாது. அதனாலதான் ரெஸ்ட்ரிக்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு காற்றுப் பெட்டி வைக்கிறாங்க. அது ஒரு தனி எபிசோட். இப்போதைக்கு டார்க் 32 நியூட்டன் மீட்டர், சக்தி 28 கிலோவாட்னு வைக்கிறேன். உங்க டைனோ ஷீட் வேற சொன்னா அதைப் போடுங்க.

இந்தக் கணக்குல முதல் கியர்ல சக்கரத்துக்கு வர்ற தள்ளு: ஃபைனல் டிரைவ் 4-ன்னா சுமார் 3,680 நியூட்டன். டயர் தாங்குறது 2,500. மிச்சம் 1,180 புகை. புகை விடாம ஓட்டணும்னா டிரைவர் கிளட்ச்சையும் ஆக்சிலரேட்டரையும் பிடிச்சுப் பிடிச்சு விடணும், அதுவும் 29 கி.மீ. வரைக்கும்தான், அதுக்குள்ள முதல் கியர் முடிஞ்சு போச்சு. 2.5-ன்னா சுமார் 2,300. டயர் தாங்குறதுக்குக் கொஞ்சம் கீழே. 2.7-ன்னா 2,480. கிட்டத்தட்ட சரியா விளிம்புல.

ஆக, டயரே ஒரு எல்லை போட்டுக் கொடுத்துடுச்சு. 2.7-க்கு மேல போறதுல கிளம்புறதுக்கு லாபமே இல்ல.

அடுத்தது 75 மீட்டர் ஆக்சிலரேஷன் ஈவென்ட். நின்ன இடத்துல இருந்து நேர்கோட்டுல 75 மீட்டர், அவ்வளவுதான். மேல சொன்ன எடையும் சக்தியும் வைச்சா கார் முடிவுக் கோட்டை சுமார் 88 கி.மீ. வேகத்துல, 5 நொடி சொச்சத்துல தாண்டும். இப்போ பழைய வரிசைகளைத் திரும்பப் பாருங்க. 88-ஐத் தொட 4 போட்ட கார் அஞ்சு தடவை கியர் மாத்தணும். 2.5 போட்ட கார் ரெண்டே தடவை. மாணவர் டிரைவர் ஒரு தடவை மாத்த 0.15 நொடி ஆகுதுன்னா, மூணு தடவை கூடுதல்ங்கிறது 0.45 நொடி. மேல் கியர்கள் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா இருக்கிறதால 4 போட்ட கார்ல இன்ஜின் எப்பவும் உச்சிக்குப் பக்கத்துலயே நிக்கும், அந்த வகையில கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். சரி, நிகர நஷ்டம் 0.3 நொடின்னு வைச்சுக்குவோம்.

0.3 நொடி பெரிசான்னு கேட்டா, மார்க் சூத்திரத்தைக் கேளுங்க. ஃபார்முலா எஸ்ஏஇ விதிப்படி இந்த ஈவென்ட்டுக்கு 100 மார்க். முதல் இடம் வந்த கார் 4.5 நொடின்னு வைங்க. நீங்க 5.0-ல ஓடினா 71 மார்க். 5.3-ல ஓடினா 57. ஒரு பல்சக்கரத்துல 14 மார்க். டிசைன் ஜட்ஜ் முன்னாடி நின்னு 14 மார்க் கூடுதலா வாங்கணும்னா எவ்வளவு பேசணும்னு சீனியர்களைக் கேட்டுப் பாருங்க.

அப்போ 2.5 போட்டுட்டுப் போயிடலாமா? மூணாவது கியர் 89-ல முடியுது, கோடு 88-ல வருது, பார்க்கவே அழகா இருக்கு. ஆனா இந்தக் கார் 75 மீட்டர் மட்டும் ஓடலியே.

அதே விதிப்புத்தகத்துல ஆட்டோகிராஸுக்கு 125 மார்க், 22 கி.மீ. எண்டூரன்ஸுக்கு 275. ரெண்டும் சேர்த்து 400. டிராக் எப்படி இருக்கும்னு ஜெர்மனி போட்டியோட விதிகள் தெளிவாச் சொல்லுது: நேர்ப்பாதை 80 மீட்டருக்கு மேல இருக்காது, ஸ்லாலம்ல கோன்களுக்கு நடுவே 7.5-லிருந்து 12 மீட்டர், ஹேர்பின் வளைவோட வெளிவிட்டம் 9 மீட்டர் வரைக்கும் இறுகலாம். 9 மீட்டர்னா மார்த்தாண்டத்துல ஒரு மினி பஸ் ஒரே வீச்சுல திரும்ப முடியாத இடம். அதுல நம்ம கார் சுமார் 25 கி.மீ. வேகத்துலதான் திரும்பும். ஸ்லாலம்ல வழக்கமா 40-லிருந்து 55. நேர்ப்பாதையில 80 சொச்சம். சராசரி 50 பக்கம்.

ஸ்லாலம்தான் இங்க முக்கியமான ஆள். ஸ்டியரிங்கை இடமும் வலமும் வெட்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல ஒரு கையை எடுத்து கியர் லீவரைத் தொட வேண்டி வந்தா, கோன் பறக்கும். ஒவ்வொரு கோனுக்கும் நேரத்துல தண்டனை உண்டு. இப்போ 12-க்கு 48-ஐ வைச்சுப் பாருங்க: ரெண்டாவது 42-ல முடியுது, மூணாவது 55-ல முடியுது. ரெண்டுமே ஸ்லாலம் வேகத்துக்கு நடுவுல. கம்பெனி விகிதம் 3 போட்டாலும் ரெண்டாவது 56-ல முடியும், ஸ்லாலத்தை விட்டு வெளிய வர்ற இடத்துலயே இடிக்கும். ரெண்டாவது கியர் குறைஞ்சது 62, 63 வரைக்கும் நீளணும். அப்போதான் டிரைவர் ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வைச்சு முழுசா வெட்ட முடியும்.

மறுபக்கம் ஹேர்பின். ரெண்டாவது கியரை ரொம்ப நீட்டினா 25 கி.மீ.ல இன்ஜின் 3,700-க்கு இறங்கிடும். ஒத்தை சிலிண்டர் 4,000-க்குக் கீழே போனா உதற ஆரம்பிக்கும், செயின் அடிக்கும். அப்போ முதல் கியருக்கு இறக்கலாமேன்னு தோணும். ஆனா இது பைக் கியர்பாக்ஸ். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நியூட்ரல் உட்கார்ந்திருக்கு. அவசரத்துல காலோ கையோ பாதி அழுத்தினா நியூட்ரல்ல விழுந்து, ஹேர்பின் நடுவுல இன்ஜின் மட்டும் கத்தும், கார் உருளும். எண்டூரன்ஸ்ல பல சுத்து, ஒவ்வொரு சுத்துலயும் ஹேர்பின்ல இந்தச் சூதாட்டம் வேண்டாம். ரெண்டாவது கியரே ஹேர்பின்ல இருந்து ஸ்லாலம் முடிவு வரைக்கும் தாங்கணும்.

"சரி அண்ணா, ஆக்சிலரேஷனுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட், மத்ததுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் போட்டா?" இதை அந்தத் தம்பியே அடுத்த மெயில்ல கேட்டான். நல்ல யோசனை. ஆனா டெக்னிக்கல் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச பிறகு கார்ல என்னென்ன தொடலாம்னு விதிப்புத்தகத்துல ஒரு பட்டியல் இருக்கு. டயர் காற்று, பிரேக் பயஸ், விங் கோணம், கண்ணாடி, இப்படி. அதுல செயினை இறுக்குறது இருக்கு. ஸ்ப்ராக்கெட் மாத்துறது இல்ல. அதனால ஒரே விகிதம், நாலு ஈவென்ட்டுக்கும். கேள்வி கஷ்டமாகுறதும் சுவாரசியமாகுறதும் இதனாலதான்.

இப்போ கடையைப் பார்ப்போம். டியூக்குக்கு முன் ஸ்ப்ராக்கெட் 14-ம் 15-ம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கைக்குக் கிடைக்கும். செய்ய வேண்டியது பின் ஸ்ப்ராக்கெட் ஒண்ணுதான், அது டிஃபரன்ஷியல்ல மாட்டுறதால கடையில கிடைக்காது. பின்னாடி 37 பல் வைச்சா? 15-க்கு 37 போட்டா 2.47. 14-க்கு 37 போட்டா 2.64. ஒரே பின் ஸ்ப்ராக்கெட்டை வைச்சுக்கிட்டு ரெண்டு விகிதத்தை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம், போட்டிக்கு முன்னாடி ஒண்ணை முடிவு பண்ணலாம்.

14-க்கு 37-ல வரிசை இப்படி வருது: முதல் கியர் 45, ரெண்டாவது 64, மூணாவது 84, நாலாவது 104. கிளம்புற தள்ளு 2,430 நியூட்டன், டயரோட விளிம்புக்கு மயிரிழை கீழே. ரெண்டாவது 64 வரைக்கும் போகுது, ஸ்லாலம் முழுசா உள்ளே அடங்குது. ஹேர்பின்ல 3,900, 15 பல் போட்டா 3,630. வித்தியாசம் சின்னதுதான், ஆனா உதறல் தொடங்குற எல்லையில அந்த 270 ஆர்பிஎம்முக்கு மதிப்பு உண்டு. விதிப்புத்தகம் எண்டூரன்ஸ்ல எதிர்பார்க்கிற அதிகபட்ச வேகம் சுமார் 105. நாலாவது கியர்லயே வந்துடுது. அஞ்சும் ஆறும் சும்மா சுமை. சில டீம்கள் எடை குறைக்க அதைக் கழட்டியே எடுத்துடுவாங்க.

இதுல ஒரு இடம் உறுத்தும். 75 மீட்டர்ல கோடு 88-ல வருது, மூணாவது கியர் 84-ல முடியுது. அந்த 4 கி.மீ.க்காக நாலாவது கியர் மாத்தணுமே? அதுக்குத்தான் 15 பல் வேணும்னு டீம்ல ஒருத்தர் கண்டிப்பா சண்டை போடுவார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 84-லிருந்து 88-க்குப் போக சுமார் 9 மீட்டர் ஆகும். கியரே மாத்தாம, ரெவ் லிமிட்டர்ல இன்ஜினை இடிச்சுக்கிட்டே அந்த 9 மீட்டரை 84-லயே ஓட்டினா எவ்வளவு நஷ்டம் தெரியுமா? சுமார் 0.01 நொடி. கியர் மாத்தினா 0.15. காதுக்குக் கொடூரமா இருக்கும், டிரைவருக்கு கை பரபரக்கும், ஆனா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதுதான் வேகம். கோடு வரைக்கும் மூணாவதுன்னு டிரைவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

ஆக, இந்த எடைக்கு, இந்த டயருக்கு, இந்த இன்ஜினுக்கு என் ஓட்டு 14-க்கு 37. இதை யாரும் அப்படியே காப்பி அடிச்சுடாதீங்க. டயரை 18 இன்ச்லிருந்து 16 இன்ச்சுக்கு மாத்தினா மட்டும் எல்லா வேகமும் 11 சதவீதம் இறங்கிடும். பின்னாடி நாலு அஞ்சு பல் கூட்டின மாதிரி. டயர் முடிவாகாம ஸ்ப்ராக்கெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

12 பல்லைப் பத்தி இன்னும் ஒண்ணு. செயின் பல்சக்கரத்தைச் சுத்தும்போது வட்டமா சுத்தாது, பல்கோணமா சுத்தும். பல் குறையக் குறைய அந்தக் கோணம் கூர்மையாகும், ஒவ்வொரு பல்லுக்கும் செயின் வேகம் ஏறி இறங்கும். 15 பல்லுல அந்த ஏற்ற இறக்கம் 2.2 சதவீதம், 12 பல்லுல 3.4. அதோட சின்ன சக்கரம்னா அதே டார்க்குக்கு செயின்ல இழுவிசை கூடும். முதல் கியர்ல முழு டார்க் வர்றப்போ, 14 பல்லுல செயின் இழுக்கிற இழுவை சுமார் 650 கிலோ எடைக்குச் சமம். 12 பல்லுன்னா 750 கிலோ. அவ்வளவையும் டிஃபரன்ஷியலைப் பிடிச்சிருக்கிற அந்த ரெண்டு பிராக்கெட்தான் தாங்கணும். பிராக்கெட் வளைஞ்சா செயின் தளரும், தளர்ந்தா பல்லைத் தாண்டும். 37-ங்கிற ஒற்றைப்படை எண்ணும் சும்மா எடுத்ததில்ல. செயின்ல கண்ணிகள் எப்பவும் இரட்டைப்படை. ஒற்றைப்படை பல் இருந்தா ஒரே கண்ணி ஒரே பல்லை ஒவ்வொரு சுத்துலயும் தேய்க்காது, தேய்மானம் பரவும்.

இடையில ஒரு கிளைக்கதை. இப்போ நிறைய டீம் எலக்ட்ரிக்குக்குப் போயிட்டாங்க. ஐஐடி மெட்ராஸோட ரஃப்தார் டீம் 2022 இறுதியில ஆர்எஃப்23-ன்னு தங்களோட முதல் எலக்ட்ரிக் ஃபார்முலா காரை வெளியிட்டாங்க. பெரும்பாலான எலக்ட்ரிக் கார்ல கியர்பாக்ஸ் இல்ல, மோட்டார்ல இருந்து சக்கரத்துக்கு ஒரே ஒரு விகிதம்தான். அங்க நான் மேல சொன்ன 'படிக்கு வேற நம்பர்' சமாதானம் செல்லாது. விகிதம் கூடிப்போனா மோட்டார் சீக்கிரமே அதிகபட்ச ஆர்பிஎம்மைத் தொட்டு நின்னுடும். குறைஞ்சு போனா கிளம்புறப்போ தள்ளு பத்தாது, காப்பாத்த இன்னொரு கியர் கிடையாது. பெட்ரோல் கார் பசங்களுக்கு ஆறு கியர் ஒரு மெத்தை மாதிரி. தப்பான ஸ்ப்ராக்கெட் போட்டாலும் கார் ஓடும். ஓடுறதாலதான் தப்புன்னே பல டீமுக்குத் தெரியாம அடுத்த பேட்ச்சுக்கு அதையே சொல்லிட்டுப் போறாங்க.

கடைசியா டெஸ்ட்டிங். காலேஜ் மைதானமோ, வண்டி நடமாட்டம் இல்லாத உள்ரோடோ, அனுமதி வாங்கி, 75 மீட்டர் டேப் பிடிச்சுக் கோடு போடுங்க. 14 பல்லுல பத்து ஓட்டம், 15 பல்லுல பத்து ஓட்டம். பத்துல எது பெஸ்ட்டுன்னு பார்க்காதீங்க, வரிசைப்படுத்தி நடுவுல வர்ற எண்ணைப் பாருங்க. போட்டி அன்னைக்கு டிரைவர் ஓட்டப் போறது கிட்டத்தட்ட அந்த நடு ஓட்டத்தைத்தான். முன்னாடி ஒரு பல் மாத்தினா டிஃபரன்ஷியலை சுமார் 4 மி.மீ. நகர்த்தினாத்தான் செயின் பழைய இறுக்கத்துக்கு வரும். பிராக்கெட்டை வெல்டிங் பண்ணுறதுக்கு முன்னாடி அந்த 4 மி.மீ.க்கு நீள ஓட்டை விட்டு வைங்க.

அப்புறம் கோன் வைச்சு ஒரு சின்ன ஆட்டோகிராஸ். இதுக்கு ஸ்டாப்வாட்ச் பத்தாது, இசியூ லாக் எடுங்க. ஒரு சுத்து முழுக்க ஆர்பிஎம் எந்தெந்த ரேஞ்சுல எத்தனை நொடி இருந்துச்சுன்னு எண்ணி ஒரு பார் சார்ட் போடுங்க; பைத்தான்ல இருபது வரி. 4,500-க்குக் கீழே நிறைய நொடி குவிஞ்சிருந்தா விகிதம் கொஞ்சம் கூடணும். லிமிட்டர் பக்கம் குவிஞ்சிருந்தா குறையணும். ரெண்டு பக்கமும் குவிஞ்சிருந்தா அது ஸ்ப்ராக்கெட் பிரச்சினை இல்ல, டிரைவர் தப்பான இடத்துல கியர் மாத்துறார். அந்த லாகை அவர்கிட்டயே கொடுத்து, ஸ்லாலம்ல கை எப்போ ஸ்டியரிங்கை விட்டுச்சுன்னு அவரையே குறிச்சுக் காட்டச் சொல்லுங்க. வயர்கட்டுக்கு 37 பல் டிராயிங் கொடுக்கிறது அதுக்கு அப்புறம். டெஸ்ட்டுக்கு அதே பல் எண்ணிக்கையில பழைய பேட்ச் ஸ்ப்ராக்கெட் ஏதாவது ஒர்க்‌ஷாப் மூலையில கிடக்குதான்னு முதல்ல தேடிப் பாருங்க.